வைப்பதா, எடுப்பதா? மிகுபுனைவுக்குச் சொல் தேடுவோருக்குச் சில வார்த்தைகள்

அயோத்திதாசப் பண்டிதர் நினைவுப் பேருரை



இந்த ஆண்டு நினைவுப் பேருரைக்கு என்னை அழைத்தபோது, எதைப் பற்றிப் பேசுவது என்பதைத் தோழர்கள் என்னிடமே விட்டுவிட்டார்கள். மிகுபுனைவுக் கதைகளில் வரும் சொற்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும் ஒரு தோழர் சிரித்தார். "பண்டிதர் பேர்ல நடக்குற கூட்டத்துல மாயாஜாலக் கதையா தோழர்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். நம் தெருக்களில் இன்றைக்கும் தீர்க்கப்படாமல் கிடக்கும் வழக்குகள் எத்தனையோ இருக்கின்றன. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. கிணற்றில் நஞ்சு கலக்கும் சூனியக்காரியைக் கதையில் கற்பனை செய்ய வேண்டிய நிலையில் நாம் இல்லை. அப்படியிருந்தும் ஏன் இந்தத் தலைப்பு என்பதை ஒரு மாணவியின் கதையிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு கல்லூரி மாணவர்களுக்காக இரண்டு நாள் எழுத்துப் பயிற்சி முகாம் ஒன்றை நடத்தினோம். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் வந்திருந்தாள். அறுபது பக்கத்துக்கு ஒரு மிகுபுனைவு நாவல் எழுதி வைத்திருந்தாள். கையில் ஒரு நோட்டு. அதில் ஆங்கிலச் சொற்களை வரிசையாக எழுதி வைத்திருந்தாள். மிகுபுனைவு எழுதுவோருக்குப் பயன்படும் அபூர்வமான, அழகான சொற்கள் என்று யாரோ தொகுத்துப் போட்ட பட்டியலிலிருந்து எடுத்தது. ரெய்த், எல்ட்ரிச், குளோமிங் என்று போய்க்கொண்டிருந்த அந்தப் பட்டியலில் ஒரு சொல்லைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள். பரியா.

அவளுடைய நாவலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாழும் ஒரு கூட்டத்துக்கு மந்திரம் தெரியும். ஊருக்குள் வர அவர்களுக்கு அனுமதி இல்லை. அவர்களுக்குத்தான் 'பரியர்' என்று பெயர் வைத்திருந்தாள். "அந்த சவுண்டே சூப்பரா இருக்குல்லக்கா?" என்றாள். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா என்று கேட்டேன். "லத்தீன்னு நெனைக்கிறேன்" என்றாள்.

நான் கரும்பலகையில் எழுதினேன்: பறையர்.

அந்தப் பெண் நம் பெண். அவள் முகவரியில் 'காலனி' என்ற சொல் இருக்கிறது. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை. நோட்டை மூடிவிட்டு, "அப்போ இந்தச் சொல்ல வைக்கவா, எடுக்கவா அக்கா?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த உரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்.

சொல்லிலிருந்து உலகம்

முதலில், மிகுபுனைவு எழுதுகிறவர்களுக்குச் சொல் ஏன் அவ்வளவு முக்கியம் என்று பார்ப்போம். நடப்பியல் நாவலில் 'டீக்கடை' என்று எழுதினால் மீதியை வாசகர் நிரப்பிக்கொள்வார். இல்லாத உலகத்தை எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய உலகம் முழுக்க அவர் வைக்கும் பெயர்களில்தான் நிற்க வேண்டும்.

ஆங்கிலத்தில் இந்த வகைக்கு எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். அவர் அடிப்படையில் ஒரு சொல்லாராய்ச்சியாளர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பியதும் 1919-20இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் வேலை பார்த்தார். 'டபிள்யூ' என்ற எழுத்தில் தொடங்கும் சொற்கள் அவர் பங்குக்கு வந்தன. பிறகு பழைய ஆங்கிலத்துக்குப் பேராசிரியரானார். அவர் கதையில் நடந்து வரும் மரங்களின் பெயரான 'என்ட்', பழைய ஆங்கிலத்தில் பூதாகரமான மனிதனைக் குறித்த சொல். தீயவர்களின் படையான 'ஓர்க்' பழைய ஆங்கிலத்தில் பேயைக் குறித்தது. அவர் செய்தது, தன் மக்கள் மறந்துபோன சொற்களைத் தோண்டி எடுத்து ஓர் உலகம் கட்டியது. அதே டோல்கீன், ஓர்க்குகள் எப்படி இருப்பார்கள் என்று ஒரு கடிதத்தில் விளக்கியபோது, ஐரோப்பியர் கண்ணுக்கு அழகற்றதாகத் தெரியும் மங்கோலிய முகச்சாயலை உவமை காட்டினார். அரக்கனுக்குப் பழஞ்சொல் கிடைத்துவிட்டது. முகத்தை மட்டும் பக்கத்து இனத்திடமிருந்து எடுத்தார்கள்.

இதைக் கண்டுகொண்டு மாற்றி எழுதியவர்களும் உண்டு. உர்சுலா லெ குவின் 1968இல் வெளியிட்ட எர்த்ஸீ நாவலில், ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவருக்குத்தான் அதன்மேல் அதிகாரம். அந்தக் கதையின் நாயகன் செம்பழுப்பு நிறத்தவன். 2004இல் அதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்கள் வெள்ளை நடிகரை நாயகனாக்கியபோது லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்.

நம் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியவர் என்.கே. ஜெமிசின். கறுப்பினப் பெண் எழுத்தாளர். அவருடைய மூன்று நாவல்கள் கொண்ட வரிசை 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சிறந்த நாவலுக்கான ஹ்யூகோ விருதைப் பெற்றது. அந்த உலகத்தில் ஒவ்வொருவர் பெயரோடும் அவர் செய்யும் வேலையைக் குறிக்கும் ஒரு சொல் ஒட்டிக்கொண்டு வரும். அதை அவர் 'பயன்பாட்டுச் சாதி' என்றே அழைக்கிறார். பூமி அதிர்வை அடக்கத் தெரிந்த ஒரு கூட்டத்துக்கு அங்கே இரண்டு பெயர்கள். ஏட்டில் எழுதும் பெயர் 'ஓரொஜீன்'. வசைப்பெயர் 'ரோகா'. அவர்களுடைய உழைப்பால்தான் அந்த உலகமே இடியாமல் நிற்கிறது, ஆனால் அவர்களைக் கண்டால் ஊரார் கொல்வார்கள். கதை நகர நகர, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த இக்கா என்ற தலைவி, வசைச்சொல்லையே தன் பெயரின் நடுப்பகுதியாக வைத்துக்கொள்கிறாள். அதைப் படித்தபோது இது நம் வீட்டுச் சண்டை ஆயிற்றே என்று நினைத்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

பறை போன வழி

பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் பேச்சு வழக்கில் இருக்கிற வினை. பறை என்பது செய்தி சொல்லும் கருவி. புறநானூற்றின் 335ஆம் பாடல் நான்கு குடிகளை எண்ணும்போது துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் சேர்த்து எண்ணுகிறது. அங்கே இழிவு இல்லை. ஆயிரம் ஆண்டு கழித்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. பொன்னியின் செல்வனைப் படித்த நமக்கு வீரநாராயண ஏரியும் வந்தியத்தேவன் குதிரையும் நினைவில் நிற்கின்றன. அதே சோழநாட்டின் தீண்டாச்சேரி நம் கற்பனையில் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

கடல் வழியாக வந்த ஐரோப்பியர் அந்தச் சொல்லை எடுத்துப் போனார்கள். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது ஆங்கில எழுத்தில் வந்துவிட்டது. 1791இல் பெர்னார்டின் த சேன் பியேர் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் ஒரு பரியாவின் குடிசையைக் கதையாக்கினார். 1821இல் பாரிஸில் அது நாடகம். 1829இல் நேப்பிள்ஸில் டொனிசெட்டியின் இசைநாடகம். 1838இல் ஃப்ளோரா திரிஸ்தான் என்ற சோஷலிசப் பெண்மணி தன்னையே பரியா என்று அழைத்துக்கொண்டு பயண நூல் வெளியிட்டார். சமூகவியல் படித்த என்னைப் போன்றவர்களுக்கு மாக்ஸ் வெபர் யூதர்களைப் 'பரியா மக்கள்' என்றது பாடத்திட்டத்திலேயே வரும். நான் முதுகலை படித்த வகுப்பறையில் அந்தச் சொல்லை ஒரு கலைச்சொல்லாகத்தான் நடத்தினார்கள். அது என் தாத்தாவைப் பற்றிய சொல் என்று யாரும் சொல்லவில்லை. நானும் எழுந்து சொல்லவில்லை.

இப்படி நானூறு ஆண்டுகள் உலகம் சுற்றிய சொல், ஒலி நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பட்டியலில் ஏறி, அந்தப் பெண்ணின் கைபேசிக்கு வந்து சேர்ந்தது. யாருடைய பெயரோ அவளுக்கே அது அந்நியச் சொல்லாக வந்தது. சொல்லைப் பட்டியலாக்கி, அதன் ஊரையும் ஆளையும் வேலையையும் உதிர்த்துவிட்டால் நடப்பது இதுதான்.

ஒரே குடும்பத்தில் இரண்டு பதில்கள்

வைப்பதா, எடுப்பதா என்ற கேள்வி நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ஒரு பத்திரிகை தொடங்கி அதற்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். பெயரை ஒளித்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது என்பது அவர் நிலை. அவருடைய சகோதரியைத் திருமணம் செய்தவர் நம் பண்டிதர். பண்டிதரோ அந்தப் பெயர் எதிரிகள் இட்ட பெயர், அதை நாம் சுமக்கக் கூடாது என்றார். சாதிபேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்று குடிமதிப்பில் பதியச் சொன்னார். மைத்துனர்கள் இருவர். ஒருவர் வைக்கச் சொன்னார், ஒருவர் எடுக்கச் சொன்னார்.

பண்டிதர் சொல்லை எப்படிக் கையாண்டார் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் காத்தவராயன். கழுவிலேற்றப்பட்ட நம் சாமியின் பெயர். தமிழும் வைத்தியமும் கற்பித்த ஆசிரியரின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டு அயோத்திதாசர் ஆனார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஒரு வெள்ளைக்கார துரை வீட்டில் பட்லராக இருந்தவர், எல்லிஸிடம் திருக்குறள் ஓலைச்சுவடியைக் கொடுத்தவர் என்று பண்டிதரே எழுதியிருக்கிறார். சமையலறை வழியாக நூலைக் கொண்டுவந்து கொடுத்த குடும்பம் அது. 1907 ஜூன் 19இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். வாரம்தோறும் அவர் செய்த முக்கியமான வேலை சொற்களைப் பிரித்துப் பார்ப்பது.

இந்திரர் என்றால் ஐம்புலன்களை வென்றவர், அதாவது புத்தர் என்றார். தீபாவளிக்கு அவர் சொன்ன விளக்கத்தில் எந்த அசுரனும் கொல்லப்படவில்லை. எள்ளிலிருந்து நெய் எடுக்கும் முறையைப் பௌத்தர்கள் கண்டறிந்து மக்களுக்குச் சொன்ன நாள் அது. கார்த்திகை தீபம் ஆமணக்கு நெய்யைக் கண்டறிந்த நாள். வேஷ பிராமணரின் பொய்யை ஊருக்குப் பறைந்தவர்கள் என்பதால் பறையர் என்று பெயர் வந்தது என்றார்.

இந்த வேர்விளக்கங்கள் பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. மாணவர்கள் அதைத் தெரிந்துகொண்டேதான் பண்டிதரைப் படிக்க வேண்டும். ஆனால் அவர் என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். கொலையைக் கொண்டாடும் ஒரு நாளை எடுத்து, ஒரு கண்டுபிடிப்பைக் கொண்டாடும் நாளாக மாற்றினார். இழிபெயரை எடுத்து, உண்மை பேசியதற்கான தண்டனையாக மாற்றினார். அவர் எழுதியதை மிகுபுனைவு என்று நான் சொல்லவில்லை. அவர் அதை வரலாறாகவே எழுதினார், அந்தக் கோரிக்கையை நாம் மதிக்க வேண்டும். ஒரு சொல்லை வேறு கோணத்தில் திருப்பினால் ஒரு முழு உலகமே வேறாகிவிடும் என்பதைத் தமிழில் அவரைப்போல் செய்து காட்டியவர்கள் குறைவு என்பதுதான் நான் சொல்ல வருவது.

இந்த வேலை இன்றும் நடக்கிறது. பத்திரிகைகள் 'கௌரவக் கொலை' என்று எழுதிக்கொண்டிருந்தன. இதில் என்ன கௌரவம் என்று கேட்டு 'ஆணவக் கொலை' என்ற சொல்லை இயக்கங்கள் முன்வைத்தன. 2015இல் கோகுல்ராஜ், 2016இல் உடுமலை சங்கர் கொல்லப்பட்டபோது அந்தச் சொல் பரவலாகிவிட்டது. ஒரு சொல் மாறியதால் குற்றவாளி யார் என்பது பெயரிலேயே தெரிகிறது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். சொல் போகும். தெரு எப்போது மாறும் என்பது நம் போராட்டத்தில் இருக்கிறது.

நம்மிடம் கிடக்கும் சொற்கள்

இனி அந்த மாணவியின் நோட்டுக்கு வருவோம். அவள் தேடியது அபூர்வமான சொற்கள். யாருக்கு அபூர்வம்? என் ஆயா தினமும் பேசிய சொல் பல்கலைக்கழகத்துக்கு அபூர்வம். நம் பிள்ளைகள் எழுதத் தொடங்கும்போது முதலில் கூச்சப்பட்டு விடுகிற சொற்களும் அவைதான். சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் இரவு. கருக்கல் என்றால் விடியலுக்கு முந்திய மங்கல். தென்மாவட்டங்களில் அந்தியை மூவந்தி என்பார்கள். காத்துக் கருப்பு அண்டியது என்போம். சதுப்பில் எரியும் வெளிச்சத்துக்குக் கொள்ளிவாய்ப் பிசாசு. மட்கும் தாவரத்திலிருந்து எழும் வாயு என்று பாடப்புத்தகம் சொல்லும், சரிதான். ஆனால் அதை யார் பார்த்தார்கள்? ராத்திரியில் அடுத்தவன் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவன் பார்த்தான். சுடுகாட்டில் பிணம் வேகும்வரை காவல் இருந்தவன் பார்த்தான். நம்மிடம் பேய்ச் சொற்கள் அதிகம் இருப்பதற்கு நாம் அதிகம் பயந்தவர்கள் என்பது காரணமில்லை. இருட்டில் வேலை செய்ய அனுப்பப்பட்டவர்கள் நாம். அவை ராத்திரி வேலைக்காரர்களின் சொற்கள். கொள்ளிவாய்ப் பிசாசைக் கதையில் வைக்கிறவர், அதைப் பார்த்த ஆள் அந்நேரத்தில் ஏன் அங்கே இருந்தான் என்பதையும் வைக்க வேண்டும்.

அடுத்து, வெட்டி. கூலி கொடுக்காமல் வாங்கும் கட்டாய உழைப்புக்குச் சோழர் கல்வெட்டுகளிலேயே இருக்கிற சொல் இது. இன்றைக்கு என்ன பொருள்? வேலையில்லாமல் சும்மா இருப்பவன் வெட்டி. 'வெட்டி ஆபீசர்' என்று கிண்டல் செய்கிறோம். கூலியில்லாமல் உழைத்தவனின் உழைப்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால், அவன் சும்மா இருந்தவன் ஆகிவிடுகிறான். ஓர் உழைக்கும் கூட்டம் மெல்ல மெல்லக் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் சாபத்தை எழுத நினைக்கும் மிகுபுனைவு எழுத்தாளருக்கு இந்த ஒரு சொல் போதும்.

மூன்றாவது, நீர்பாய்ச்சி. தென்மாவட்டக் கண்மாய்களில் மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர். பல ஊர்களில் அந்த வேலை நம் குடும்பங்களுக்கு உரியது. கூலி தானியம். பழைய குமிழித் தூம்புகளில் மூச்சை அடக்கி ஆழத்தில் மூழ்கித்தான் அடைப்பைத் திறக்க வேண்டும். ஊரின் எல்லா வயலுக்கும் எவ்வளவு நீர் போக வேண்டும் என்று தெரிந்த ஒருவர், அதே ஊரின் கிணற்றில் ஒரு குடம் இறைக்க முடியாது. இதைவிட வினோதமான விதியை எந்தக் கற்பனை உலகத்தில் படித்திருக்கிறீர்கள்?

நான்காவது என் வீட்டுச் சொல். என் தாத்தா வடாற்காட்டில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலிலிருந்து மயிரை வழித்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். கையால் தடவிப் பார்த்து, "பதம் வந்துட்ச்சி" என்பார். பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்தபோது பகுபதம், பகாப்பதம் என்று வந்தது. அங்கே பதம் என்றால் சொல். இரண்டும் ஒரே வேர் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் வகுப்பில் தாத்தாவின் பதத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இலக்கண ஆசிரியரின் பதத்தை மனப்பாடம் செய்தேன். எழுத வந்த பிறகுதான் தாத்தாவின் பதத்துக்குத் திரும்பினேன். சொல்லும் அப்படித்தான். கையால் தொட்டுப் பார்க்காமல் பதம் தெரியாது.

இப்படித் தொட்டுப் பார்த்து எடுத்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். பனைமட்டையின் அறுக்கும் விளிம்பான கருக்கை எடுத்து 1992இல் பாமா தன் நூலுக்குப் பெயராக்கினார். இரவில் வலிமையோடும் பகலில் மற்றப் பறவைகளிடம் கொத்துப்பட்டும் வாழும் கூகையை, ஒடுக்கப்பட்டவர்களின் உருவகமாக சோ. தர்மன் தன் நாவலில் கொண்டுவந்தார். இரண்டுமே அகராதியில் தேடிப் பிடித்த சொற்களல்ல.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள்

மாணவர்கள் கேட்பீர்கள், அப்படியானால் நம் சொற்களை எடுத்துப் போட்டால் போதுமா? போதாது. மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, நம் சாமிகளில் பலர் கொலையுண்டவர்கள். காத்தவராயன் ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேறியவன். மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். கழு, மாறுகால் மாறுகை என்ற சொற்களைக் கேட்டால் உடல் நடுங்குகிறது, எழுத்தாளருக்கு ஆசையாகவும் இருக்கும். அவை அலங்காரச் சொற்கள் அல்ல. முதல் தகவல் அறிக்கை எழுத ஆளில்லாத காலத்தில் கதைப்பாடலாகப் பதிவான கொலை வழக்குகள். அந்தச் சொல்லை எடுக்கிறவர் கொன்றது யார் என்பதையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

இரண்டு, ஒளிந்திருக்கும் இளவரசன். மிகுபுனைவில் மிகவும் புழங்கிய வித்தை இது. ஏழை வீட்டில் வளர்ந்த பையன் கடைசியில் ராஜகுமாரன் என்று தெரியவரும். நம் கதைகளுக்கும் இதைச் செய்துவிட்டார்கள். சக்கிலியர் வீட்டில் வளர்ந்த மதுரைவீரன் காசிராஜன் பிள்ளை என்று கதை சொல்கிறது. முத்துப்பட்டன் மணந்த பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பில் பிராமணப் பெண்கள் என்று ஒட்டுப்போட்டதை நா. வானமாமலை சுட்டிக்காட்டினார். நம் நாயகன் நம் வீட்டிலேயே பிறந்திருக்கட்டும். அவன் வீரத்துக்கு வேறு ரத்தத்தின் சிபாரிசு வேண்டாம்.

மூன்று, வசைச்சொல் யார் வாயில் இருக்கிறது என்பது. 'சண்டாளன்' என்று நாவலிலும் சினிமாவிலும் வில்லனைத் திட்டுகிறார்கள். அது தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் வரிசையில் இன்றைக்கும் இருக்கிற ஒரு சாதியின் பெயர். கதாபாத்திரம் திட்டலாம். சாதி உள்ள உலகத்தில் அப்படித் திட்டத்தான் செய்வார்கள். கதைசொல்லி அதே சொல்லைத் தன் சொந்தச் சொல்லாகப் பேசினால், ஆசிரியரும் அந்தத் தெருவில்தான் குடியிருக்கிறார் என்று பொருள்.

இவற்றோடு ஒரு சிறு வேண்டுகோள். அபூர்வச் சொல் வேண்டுமென்றால் பட்டியலைத் தேடுவதற்கு முன் வீட்டில் இருக்கும் வயதானவரிடம் கேளுங்கள். அவர் செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். வேலையைச் சொல்லும்போது சொல் தானாக வரும். சொல்லை மட்டும் கேட்டால், "எனக்கின்னா தெரியும் கண்ணு" என்றுதான் சொல்வார். என் ஆயாவும் அப்படித்தான் சொன்னார். நடவு எப்படி நடுவீர்கள் என்று கேட்ட பிறகு ராத்திரி முழுக்கப் பேசினார். நான் எழுதி வைத்தது கொஞ்சம். கேட்காமல் விட்டது அவரோடு போய்விட்டது.

மாணவிக்குச் சொன்ன பதில்

முகாமின் இரண்டாம் நாள் காலையில் அந்தப் பெண்ணிடம் நான் இரட்டைமலை சீனிவாசனையும் பண்டிதரையும் பற்றிச் சொன்னேன். ஒருவர் வைத்தார், ஒருவர் எடுத்தார், இருவர் நோக்கமும் விடுதலைதான் என்றேன். இரண்டு முடிவுகளையும் எடுத்தவர்கள் அந்தப் பெயரைச் சுமந்தவர்கள் என்பதுதான் முக்கியம். பெயர் உன்னுடையது, முடிவும் உன்னுடையது, ஆனால் தெரிந்து எடு என்றேன்.

மூன்று மாதம் கழித்துத் திருத்திய பகுதியை அனுப்பியிருந்தாள். 'பரியர்' என்ற சொல் இருந்தது. ஆனால் அரண்மனைக்காரர்கள் வாயில் மட்டும் இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாழ்கிறவர்கள் தங்களைப் 'பறைவோர்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுடைய மந்திரமும் மாறிவிட்டது. முன்பு நெருப்பை வரவழைப்பவர்களாக இருந்தார்கள். இப்போது அவர்கள் ஒரு கொலையை உரக்கச் சொன்னால் அதை யாராலும் மறைக்க முடியாது. அதனால்தான் அவர்களை ஊருக்குள் விடுவதில்லை.

பண்டிதரின் விளக்கத்தை அவள் இப்படி எடுத்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு திருத்தமும் சொல்லாமல் திருப்பி அனுப்பினேன். நாவல் இன்னும் முடியவில்லை. அவள் பாட்டி சாவுக்கு ஒப்பாரி சொல்லப் போகிறவராம். வாரக்கடைசியில் ஊருக்குப் போய் அவரோடு உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். பழைய நோட்டில்தான் எழுதுகிறாளாம். அந்த ஆங்கிலப் பட்டியல் முடிந்த இடத்திலிருந்து தொடர்ந்து.

காத்தவராயனாகப் பிறந்து, தன் பெயரைத் தானே தேர்ந்துகொண்டு, தன் மக்களின் பெயருக்காக வாழ்நாள் முழுக்க வாதாடிய பண்டிதருக்கு இந்த உரையை நன்றியோடு உரித்தாக்குகிறேன். 

ஜெய் பீம்.